கணையக் கட்டிக்குள் வேலைக்குச் சேரும் வெள்ளையணுக்கள்

கணையப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து சீவியெடுத்த ஒரு துண்டை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்ப்பவர், அதில் புற்றுநோய் செல் எங்கே இருக்கிறது என்று தேடத்தான் வேண்டியிருக்கும். வழக்கமான சாயம் ஏற்றிய ஸ்லைடில் பெரும்பகுதி இளஞ்சிவப்பாக, அலையலையாக ஓடும் கொலாஜன் நார். அதற்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோணல்மாணலான சிறு குழாய்கள். அந்தக் குழாய்களின் சுவரில் வரிசை தவறி நிற்கும் செல்கள்தான் ஆளைக் கொல்பவை. கட்டியின் பருமனில் பாதிக்கும் மேல், சில நோயாளிகளிடம் 80, 90 சதவீதம்வரைகூட, நாரும் அதோடு சேர்ந்த மற்ற செல்களும்தான். அறுவை சிகிச்சையின்போது விரல் பட்டாலே இடம் தெரிந்துவிடும் அளவுக்கு அது இறுகிக் கிடக்கும்.

அதே துண்டின் அடுத்த சீவலை எடுத்து, வெள்ளையணுக்களில் கொல்லும் வேலை செய்யும் டி செல்களை மட்டும் பழுப்பாகக் காட்டும் சாயத்தைப் போட்டால், புள்ளிகள் பெரும்பாலும் கட்டியின் ஓரத்திலும் நார்களுக்கிடையிலும் தேங்கி நிற்கும். குழாய்களை நெருங்கியவை சொற்பம். இந்தப் படத்தைப் பார்த்துத்தான் கணையப் புற்றுநோயைக் ‘குளிர்ந்த கட்டி’ என்று அழைக்கும் வழக்கம் வந்தது. எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் கட்டி என்பதும் இதே கதையின் இன்னொரு வடிவம். ஆனால் மூன்றாவது சீவலில் மேக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கி செல்களுக்கான சாயத்தைப் போட்டுப் பாருங்கள். திரும்பிய பக்கமெல்லாம் பழுப்பு. எதிர்ப்பு மண்டலம் இந்தக் கட்டிக்கு வராமல் இல்லை. கூட்டமாக வந்திருக்கிறது, ரொம்ப முன்னாலேயே வந்திருக்கிறது. வந்தவர்கள் யார், வந்து என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சிக்கல். ‘ஒளிந்திருக்கிறது’ என்று நினைத்தால் தேடிப் பிடிப்பதற்கு மருந்து செய்வோம். ஆள் சேர்த்து வைத்திருக்கிறது என்று புரிந்தால் செய்ய வேண்டிய மருந்தே வேறு.

எந்தப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணையத்தில் தோன்றும் புற்றுநோய்களில் பத்தில் ஒன்பது, செரிமானச் சாறு ஓடும் நாளங்களின் செல்களிலிருந்து வருபவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்தது இது அல்ல. அவருடையது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றிய அரிய வகை, போக்கிலும் வேறுபட்டது. செய்திகளில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால் நிறையக் குழப்பம். அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக் கணக்குப்படி, எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தாலே ஐந்தாண்டு உயிர் பிழைப்பவர்கள் சுமார் 13 சதவீதம். நாளங்களில் தோன்றும் வகையை மட்டும் தனியே எடுத்தால் எண் இன்னும் குறையும்.

டி செல்களின் பிரேக்கை விடுவிக்கும் மருந்துகள் 2011இலிருந்து மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் தொடங்கி நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்கள்வரை சிகிச்சையின் முகத்தையே மாற்றின. அதற்கு அடித்தளம் போட்ட ஜேம்ஸ் அலிசனுக்கும் டசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. கணையத்தில் மட்டும் அந்த அலை கரையேறவே இல்லை. இந்த மருந்துகளில் ஒன்றான இபிலிமுமாபை வைத்து 2010இல் வெளியான சோதனையில் 27 கணையப் புற்றுநோயாளிகள் இருந்தார்கள். வழக்கமான அளவுகோலின்படி ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லை, ஒரே ஒருவருக்குத் தாமதமாகச் சற்றுப் பலன் தெரிந்தது. 2012இல், பிடி-எல்1 என்ற இன்னொரு பிரேக் புரதத்தைத் தடுக்கும் மருந்தைப் பலவகைப் புற்றுநோய்களில் சோதித்தபோது 14 கணைய நோயாளிகளும் அதில் இருந்தார்கள். பலன் கண்டவர் பூஜ்யம். டிஎன்ஏ பிழைதிருத்தும் அமைப்பு பழுதான கட்டிகள் விதிவிலக்கு, அவற்றில் சிலவற்றுக்கு இந்த மருந்துகள் வேலை செய்கின்றன. ஆனால் கணையப் புற்றுநோயில் அப்படிப்பட்டவர்கள் நூற்றில் ஒருவர் அளவுக்குத்தான்.

ஏன் இப்படி? உடனே சொல்லப்படும் பதில், இந்தக் கட்டிகளில் மரபணுப் பிறழ்வு குறைவு என்பது. பிறழ்வுகள் நிறைய இருந்தால் விசித்திரமான புரதங்கள் நிறைய உருவாகும், டி செல்லுக்கு அடையாளம் காணப் பிடிமானம் கிடைக்கும். புகையிலோ வெயிலிலோ அடிபட்ட செல்களில் பிறழ்வுகள் குவிந்திருக்கும். கணையக் கட்டியில் அவ்வளவு இல்லை. உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பிடிமானம் குறைவே தவிர இல்லாமல் இல்லை. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல ஆண்டுகள் உயிர் வாழும் அபூர்வ நோயாளிகளின் கட்டிகளை நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் வினோத் பாலச்சந்திரனும் சகாக்களும் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். பிறழ்வுப் புரதங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் தரம்தான், அதாவது டி செல்லை உசுப்பும் திறன்தான், அவர்களைப் பிரித்துக் காட்டியது. அவர்களின் கட்டிகளுக்குள் கொல்லும் டி செல்களும் அதிகமாக இருந்தன. 2022இல் இதே குழு இன்னொன்றைக் காட்டியது. நீண்ட நாள் வாழ்ந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்பி வந்தபோது, எதிர்ப்பு சக்தியின் கண்ணில் படக்கூடிய பிறழ்வுகள் அந்தப் புதிய கட்டிகளில் குறைந்திருந்தன. கண்ணில் பட்டவற்றையெல்லாம் டி செல்கள் ஆண்டுக்கணக்கில் களையெடுத்திருக்கின்றன, மீந்தவை முளைத்திருக்கின்றன என்பதுதான் இதற்குப் பொருள். ஆக, இந்தப் புற்றுநோயைப் பார்க்கவே முடியாது என்ற பேச்சு நிற்காது.

அப்படியானால் மற்ற பெரும்பாலானவர்களிடம் என்ன நடக்கிறது? இங்கேதான் கேராஸ் என்ற மரபணு வருகிறது. இந்தப் புற்றுநோயில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட கட்டிகளில் கேராஸ் பழுதாகியிருக்கும். அதுவும் பெரும்பாலும் முதல் பழுதாக, கட்டி என்று ஒன்று உருவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே. செல்லை ‘பிரி, பிரி’ என்று ஓயாமல் விரட்டும் சுவிட்ச் என்றுதான் அதைப் பாடநூல்கள் சொல்லும். அது போதாத விளக்கம். பழுதான கேராஸ், ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தையும் செல்லை விட்டுச் சுரக்கச் செய்கிறது என்று 2012இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் எலிகளில் தனித்தனியே கண்டன. எலும்பு மஜ்ஜையில் மைலாய்டு வகை வெள்ளையணுக்களைப் பெருக்கி வளர்க்கும் இயல்பான சமிக்ஞை அது. கீமோதெரபியில் வெள்ளையணுக்கள் குறைந்தவர்களுக்கு மருந்தாகவே கொடுக்கப்படுவது. புற்றுநோய் செல் அதைத் திருடிச் சுரந்து, முதிராத மைலாய்டு செல்களைத் தன்னைச் சுற்றிக் குவிக்கிறது. அந்தப் புரதத்தை எலியில் தடுத்தபோது அவை குறைந்தன, கொல்லும் டி செல்கள் உள்ளே வந்தன, கட்டியின் வளர்ச்சி தளர்ந்தது.

ஆக, செல்லைக் கெடுக்கும் அதே மரபணுதான் காவலாளையும் நியமிக்கிறது. இந்த நோயில் எனக்கு மிகவும் வியப்பானது இதுதான். இரண்டு வேலைக்கு இரண்டு தனித்தனிப் பழுதுகள் தேவைப்படவில்லை.

இந்த மைலாய்டு செல்கள் டி செல்லை எப்படி அடக்குகின்றன? அடிதடி எதுவும் இல்லை, பட்டினி போடுகின்றன. டி செல் பெருகுவதற்கு அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் வேண்டும். மைலாய்டு செல்கள் அர்ஜினேஸ் நொதியைச் சுரந்து சுற்றுப்புறத்து அர்ஜினைனைச் சிதைத்துவிடுகின்றன. அது கிடைக்காத டி செல்லில், எதிரியைத் தொட்ட சேதியை உள்ளே கடத்தும் ஜீட்டா என்ற சங்கிலிப் புரதமே வற்றிப்போகிறது. செல் சாகவில்லை, இலக்கைத் தொடவும் தொடுகிறது. ஆனால் சேதி உள்ளே போய்ச் சேராது. இதற்கு மேல், அதே மைலாய்டு குடும்பத்தைச் சேர்ந்த மேக்ரோபேஜ்கள் டிஜிஎஃப்-பீட்டா, ஐஎல்-10 போன்ற அமைதிப்படுத்தும் சமிக்ஞைகளை ஊற்றுகின்றன. கிருமியை விழுங்கப் பிறந்த செல் கட்டிக்குத் தாதியாக மாறுவது, வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

மேக்ரோபேஜைக் குற்றம் சொல்லியும் பயனில்லை, அது தன் இயல்பைத்தான் செய்கிறது. காயம் பட்ட இடத்தில் முதலில் கிருமியை அழிப்பதும், பிறகு சண்டையை நிறுத்தி நார் கட்டி ஆற்றுவதும் அதன் இரண்டு பணிகள். புற்றுநோய்க் கட்டியை ‘ஆறாத புண்’ என்று நோயியல் அறிஞர் ஹரால்ட் டுவோராக் 1986இல் எழுதினார். அந்த வர்ணனை கணையத்துக்குப் பொருந்துவதுபோல வேறெதற்கும் பொருந்துமா தெரியவில்லை. தன் செரிமான நொதிகள் கசிந்தால் தன்னையே அரித்துக்கொள்ளும் உறுப்பு இது. அழற்சியை விரைவில் அணைத்து, தழும்பு போட்டு மூடிவிடுவது அதற்கு உயிர் காக்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைத்தான் கட்டி கைப்பற்றிக்கொள்கிறது. ராபர்ட் வோண்டர்ஹைடின் ஆய்வகம் 2007இல் எலிகளில் நோயின் படிநிலைகளை வரிசையாகப் பார்த்தது. புற்றுநோய் ஆகும் முன்னரே, நாளச் செல்கள் சற்று உருமாறிய அந்தத் தொடக்கக் கட்டத்திலேயே, அடக்கும் வகைச் செல்கள் வந்து உட்கார்ந்திருந்தன. தாக்கும் டி செல்கள் எந்தக் கட்டத்திலும் அரிது. டி செல்கள் வந்து, சண்டையிட்டு, தோற்ற களமாக அது தெரியவில்லை. சண்டை தொடங்கவே இல்லை.

இனி அந்த நார். அதை நெய்பவர்கள், நட்சத்திர வடிவத்தில் இருக்கும் ஸ்டெல்லேட் செல்கள். கணையத்திலிருந்து இவற்றைப் பிரித்தெடுத்து ஆராய முடிந்ததே 1998இல்தான். ஆரோக்கியமான கணையத்தில் இவை வைட்டமின் ஏ நிரம்பிய சிறு கொழுப்புத் துளிகளைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கும். காயச் சமிக்ஞை வந்ததும் துளிகளை இழந்து, நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளாக மாறிவிடும். இவை நெய்யும் நாரும், ஊடே நீரை உறிஞ்சி உப்பும் ஹையலுரோனானும் சேர்ந்து உள்ளழுத்தத்தை ஏற்றுகின்றன, ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. மருந்தும் போவதில்லை, டி செல்லும் போவதில்லை. ஆகவே சுவரை இடித்தால் போதும் என்று பத்துப் பதினைந்து ஆண்டுகள் பலர் உறுதியாக நம்பினார்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. 2009இலும் 2012இலும் எலிகளில் சுவரைத் தளர்த்தியபோது மருந்து உள்ளே பாய்ந்தது, எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. மனிதர்களிடம் கதை தலைகீழ். நார் நெய்யத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்தைப் பெற்ற நோயாளிகள், பெறாதவர்களைவிட மோசமானதால் 2012இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஹையலுரோனானைக் கரைக்கும் நொதி மருந்து மூன்றாம் கட்டச் சோதனைவரை போய், ஆயுளைக் கூட்டாமல் 2019இல் கைவிடப்பட்டது. இடையில் 2014இல் வந்த இரண்டு எலி ஆய்வுகள்தான் கண் திறந்தவை. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளை மரபணு வழியாகவே குறைத்தபோது கட்டிகள் இன்னும் மூர்க்கமாயின. நார்ச்சுவர் டி செல்லை வெளியே நிறுத்தியது உண்மை. அதே சுவர் புற்றுநோயையும் ஓரளவு கட்டிப்போட்டிருந்தது.

அதற்குப் பிறகுதான் ‘ஃபைப்ரோபிளாஸ்ட்’ என்று ஒரே பெயரில் அழைத்தது தவறு என்று புரிந்தது. டேவிட் டுவெசனின் ஆய்வகம் 2017இல் இரண்டு வகைகளைப் பிரித்துக் காட்டியது. புற்றுநோய்க் குழாயை ஒட்டிநின்று நார் இறுக்கும் வகை ஒன்று. சற்றுத் தள்ளி நின்று ஐஎல்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைச் சுரக்கும் வகை மற்றொன்று. டி செல்லைத் தடுப்பதில் நாரின் இறுக்கம் மட்டுமல்ல, ரசாயனமும் உண்டு. ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் சுரக்கும் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதம் புற்றுநோய் செல்களின்மேல் பூச்சுபோலப் படிந்திருப்பதை 2013இல் கண்டார்கள். எலியில் அந்தச் சமிக்ஞையைத் தடுத்தபோது, நார் அப்படியே இருக்க, டி செல்கள் குழாய்களிடம் போய்ச் சேர்ந்தன. ஆக, கதவைப் பூட்டியிருந்தது நார் மட்டும் இல்லை.

இதே பாடத்தை ஒழுங்குபடுத்தும் டி செல்களும் சொல்லிக்கொடுத்தன. உடல் தன்னையே தாக்காமல் காக்கும் இந்தச் செல்களின் கண்டுபிடிப்புக்காகத்தான் ஷிமோன் சகாகுச்சிக்கும் மேரி பிரன்கோவுக்கும் ஃப்ரெட் ராம்ஸ்டெலுக்கும் 2025இன் நோபல் பரிசு. கணையக் கட்டியில் இவை ஏராளம். இவற்றை நீக்கினால் எதிர்ப்பு வலுக்கும் என்றுதானே தோன்றும்? 2020இல் எலிகளில் நீக்கிப் பார்த்தபோது நோய் வேகமெடுத்தது. அடக்கும் மைலாய்டு செல்கள் அந்தக் காலியிடத்தை நிரப்பிவிட்டன. ஒரு காவலாளைத் தூக்கினால் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். இந்தக் கட்டியோடு மோதிய ஒற்றை மருந்துகள் பல தோற்றதற்குக் காரணம் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒளிந்துகொள்வதே இல்லை என்றும் சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன புரதம் தயாராகிறது என்பதன் மாதிரித் துண்டுகளை எம்ஹெச்சி-1 என்ற தட்டில் வைத்து வெளிப்பரப்பில் நீட்டிக்கொண்டே இருக்கும். டி செல் தடவிப் பார்ப்பது அந்தத் தட்டைத்தான். கணையப் புற்றுநோய் செல்கள் இந்தத் தட்டுகளை உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகின்றன என்று அலெக் கிம்மல்மனின் குழு 2020இல் காட்டியது. வேண்டாத பாகங்களைத் தானே தின்று செரிக்கும் செல்லின் குப்பை அகற்றும் ஏற்பாடு, தன்னுண்ணல், அதற்கான கருவி. நார்ச்சுவருக்குள் உணவு பற்றாக்குறையாக இருப்பதால் இந்தச் செல்களில் அது எப்போதும் முழுவேகத்தில் ஓடுகிறது. பசிக்குத் தின்றதில் அடையாளமும் சேர்ந்து அழிகிறது. எலிகளில் தன்னுண்ணலை நிறுத்தியதும் தட்டுகள் பரப்புக்குத் திரும்பின, பிரேக் விடுவிக்கும் மருந்துகளும் வேலை செய்யத் தொடங்கின. கல்லீரலுக்குத் தப்பியோடிய செல்களும் இப்படித்தான். அடையாளத் தட்டு இல்லாமல், பிரியாமல், தனித்தனியாக உறங்கிக் கிடப்பவற்றை டி செல்களால் தொட முடியவில்லை என்று 2018இல் எலியிலும் மனிதத் திசுவிலும் பார்த்தார்கள். கட்டியை முழுக்க வெட்டியெடுத்த பிறகும் ஏன் இத்தனை பேருக்கு நோய் கல்லீரலில் திரும்புகிறது என்பதற்கு இது ஒரு விடை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் சிகிச்சையில் என்ன மாறியிருக்கிறது? சேர்ந்த ஆட்களைத் துரத்துவதற்குப் பதில் கட்சி மாற்றிப் பார்க்கும் முயற்சி ஒன்று உண்டு. மேக்ரோபேஜ் போன்ற எதிர்ப்பு செல்களின் பரப்பில் இருக்கும் சிடி40 என்ற கைப்பிடியைத் திருகும் மருந்தை 2011இல் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்பார்த்ததுபோல டி செல்கள் வரவில்லை. மேக்ரோபேஜ்களே மனம் மாறிக் கட்டியின் நாரைக் கரைக்கத் தொடங்கின. சில நோயாளிகளுக்குக் கட்டி சுருங்கவும் செய்தது. பெரிய சோதனைகளில் இது இன்னும் திருப்பம் எதையும் தரவில்லை. ஆனால் அந்தச் செல்களை மாற்ற முடியும் என்பது நிரூபணமாயிற்று.

அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது கேராஸை நேராகத் தடுக்கும் மருந்துகள். நாற்பது ஆண்டுகளாக மருந்துக்குப் பிடிகொடுக்காத புரதம் என்று பெயர் வாங்கியது அது. முதல் தடுப்பு மருந்து 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் கேராஸ் பழுதாவதிலும் பல வகை உண்டு; அந்த மருந்து தாக்கும் ஜி12சி என்ற வகை நுரையீரலில் அதிகம், கணையத்தில் அரிது. கணையத்தில் மிகுதியாக இருப்பது ஜி12டி. அதைத் தடுக்கும் மருந்தை எலிகளுக்குக் கொடுத்த 2023ஆம் ஆண்டு ஆய்வுகளில், புற்றுநோய் செல்கள் தளர்ந்ததோடு கட்டியின் குடித்தனமே மாறியது. மைலாய்டு செல்கள் குறைந்து, கொல்லும் டி செல்கள் உள்ளே வந்தன. டி செல்கள் இல்லாத எலிகளில் இதே மருந்தின் பலன் நிலைக்கவில்லை. மேலே சொன்ன அந்த ஜிஎம்-சிஎஸ்எஃப் கதையை நினைவுபடுத்திக்கொண்டால் இதில் ஆச்சரியம் இல்லை: நியமனம் செய்பவரை நிறுத்தினால் நியமனமும் நிற்கும்.

பழுதான கேராஸையே குறிபார்க்க டி செல்களைப் பழக்கும் வழியும் இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில், மற்ற சிகிச்சைகளெல்லாம் தீர்ந்துபோன 71 வயதுப் பெண் ஒருவருக்கு, ஜி12டியை அடையாளம் காணும்படி மரபணு மாற்றிய அவருடைய டி செல்களையே திரும்பச் செலுத்தினார்கள். நுரையீரலுக்குப் பரவியிருந்த கட்டிகள் ஆறு மாதத்தில் 72 சதவீதம் சுருங்கியிருந்ததாக 2022இல் பதிவாகியிருக்கிறது. ஒருவர் அனுபவம் எல்லோருக்குமான சிகிச்சை ஆகாது. மேலே சொன்ன எம்ஹெச்சி-1 தட்டு ஆளுக்கு ஆள் வேறுபடும்; அதில் குறிப்பிட்ட வகை உள்ளவர்களுக்கே இது பொருந்தும்.

தடுப்பூசிப் பாதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பாலச்சந்திரன் குழு, அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள பயோஎன்டெக் நிறுவனத்துக்கு அனுப்பி, அந்தந்த நோயாளியின் பிறழ்வுகளில் 20வரை தேர்ந்தெடுத்து, ஆளுக்கொரு எம்ஆர்என்ஏ தடுப்பூசி செய்தது. கட்டி வெளியே வந்துவிட்ட நிலையில் போடப்படுகிறது என்பது முக்கியம். நார்ச்சுவரும் சேர்ந்திருந்த கூட்டமும் அப்போது பெரும்பாலும் இல்லை. 16 பேர் பெற்றார்கள், 8 பேருக்கு டி செல்கள் பெருகின. பெருகாத மற்ற 8 பேருக்கு நோய் திரும்பிய இடைநிலைக் காலம் 13.4 மாதம். சராசரியாக மூன்று ஆண்டுக்கு மேல் கண்காணித்து 2025இல் வெளியிட்டபோது, பலன் கண்ட 8 பேரில் 6 பேருக்கு நோய் திரும்பியிருக்கவில்லை. பெருகியவர்கள் இயல்பிலேயே உடல் வலுவானவர்களாக இருந்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதைத் தீர்க்கத்தான் சுமார் 260 பேரைக் கொண்ட, தடுப்பூசி பெறாத பிரிவும் உள்ள சோதனை தொடங்கப்பட்டது.

அந்த முதல் சோதனையில் ஒருவருக்குத் தடுப்பூசிக்குப் பிறகு கல்லீரலில் 7 மில்லிமீட்டர் அளவில் புதிதாக ஒரு புள்ளி ஸ்கேனில் தெரிந்தது. கணையப் புற்றுநோயாளியின் கல்லீரலில் புதுப்புள்ளி என்றால் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான். பயாப்ஸி எடுத்தார்கள். துண்டில் புற்றுநோய் செல் ஒன்றும் இல்லை, வெள்ளையணுக்கள் அடைந்து கிடந்தன. அவற்றின் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்தபோது, தடுப்பூசி பெருக்கியிருந்த டி செல் குலங்கள் அங்கே இருந்தன. கூடவே, டிபி53 மரபணுவில் புற்றுநோய்க்குரிய பழுதைத் தாங்கிய டிஎன்ஏ, மிக மிகச் சொற்பமாக. அடுத்தடுத்த ஸ்கேன்களில் அந்தப் புள்ளி காணவில்லை.